கமெண்ட்ஸோடு அப்ரூவல்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, திருப்பூர் காங்கயம் சாலையில் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மேசைமேல் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று மல்லாக்கக் கிடத்தப்பட்டு, இன்ச் டேப்பால் அளக்கப்பட்டது.

அளந்தவர் சதீஷ்குமார். அந்தக் கம்பெனியின் சீனியர் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆர்டர் பேசி, சாம்பிள் அனுப்பி, அப்ரூவல் வாங்கி, சரக்கு கப்பலேறும்வரை அதன் பின்னாலேயே ஓடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரம்ஸ் வாசிப்பார். உயரத்தைத் தோள்பட்டை உச்சியிலிருந்து கீழ் விளிம்புவரை அளப்பதுதான் அவர் வழக்கம். பெட்டிக்குத் தோள்பட்டை எது என்பதில் சிறிது நேரம் தயங்கினார்.

"இருபத்தஞ்சே கால்," என்றார்.

"எழுதிட்டேண்ணா," என்றார் நித்தீஷ். முதலாளி வெள்ளியங்கிரியின் மகன், கிடார் வாசிப்பவர். "டாலரன்ஸ் எவ்வளவு போடறது?"

"கூடக் குறைய அரை இன்ச்."

பெட்டியைச் செய்து எடுத்து வந்திருந்த மணியன் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணியூரில் ஷெட் போட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் கட்டுபவர். கோயில் நோம்பிக்கும் காதுகுத்துக்கும் ரேக்ளா பந்தயத்துக்கும் சவுண்ட் செட் விடுபவர்.

"ஏனுங் தம்பி," என்றார். "இது மரப்பொட்டிங்க. தொவச்சாச் சுருங்காதுங்க."

"எல்லா சப்ளையரும் அப்படித்தாங்க சொல்றாங்க," என்றார் சதீஷ்குமார், டேப்பை அகலவாக்கில் திருப்பியபடி.

பேண்டின் பெயர் ஓவர்லாக், துணியின் விளிம்பு பிரியாமல் தைக்கும் மிஷினின் பெயர். நான்கு பேர். சதீஷ்குமாரையும் நித்தீஷையும் தவிர, பேஸ் கிடாருக்கு கட்டிங் மாஸ்டர் தனுஷ். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று வயதில் திருப்பூர் வந்தவர், பேச்சு மட்டும் இன்னும் சாத்தூரிலேயே இருக்கிறது. பாட்டுக்குக் கீர்த்தனா.

கீர்த்தனா கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்ப்பவர். தைத்து வரும் உருப்படியில் குறையைக் கண்டால் அந்த இடத்தில் அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். குரலை உயர்த்தும் பழக்கம் கிடையாது. நாற்பது தையல் மிஷின்கள் ஓடும் கூடத்தில் அவர் வாய்க்குள்ளேயே "ரிஜெக்ட்" என்று சொன்னால் கடைசி மிஷின்வரை நின்றுவிடும். மேடையில் நிலைமை வேறு. ஓவர்லாக் அதுவரை நான்கு நிகழ்ச்சிகள் நடத்தியிருந்தது. நான்கிலும் கீர்த்தனா பாடியது ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு சாயப்பட்டறையின் ஆண்டு விழா. அதில் இது வாத்தியக் கச்சேரி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரி விழா முடிந்ததும் மாணவி ஒருத்தி அவரிடமே வந்து, "சிங்கர் இன்னைக்கு வரலீங்களாக்கா?" என்று கேட்டாள். அப்போது கீர்த்தனாவின் கையில் மைக் இருந்தது. அடுத்ததற்கு அவருடைய அம்மா வேலாத்தாள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு ஆறுதலாக, "வாயத் தொறந்தது நல்லாத் தெரிஞ்சுது கண்ணு. பெருசாத்தான் தொறந்த," என்றார். நான்காவது நிகழ்ச்சியில் மைக் அணைந்தே கிடந்தது. முடியும்வரை அதை யாரும் கவனிக்கவில்லை, கீர்த்தனாவும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். மார்ச் 10 அன்று கம்பெனித் தொழிலாளர்களின் குடும்ப விழா. தாராபுரம் சாலையில் கல்யாண மண்டபம் பிடித்தாகிவிட்டது. தொள்ளாயிரம் பேர் வருவார்கள். அங்கே அவர் தானே எழுதிய 'பிசிறு' என்ற பாட்டைப் பாடப்போகிறார். ஒன்றரை வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்த பாட்டு. அன்றைக்கும் அது கேட்கவில்லை என்றால் இவர்கள் மூன்று பேரும் தாங்களே வாசித்துக்கொள்ளலாம். அவர் பேண்டில் இருக்கமாட்டார்.

"பாட்டுத்தான் ஒரு வருசமா வாசிக்கறமே கீர்த்தனா," என்றார் சதீஷ்குமார்.

"ரெண்டாவது சரணத்துல என்ன வரிங்க, சொல்லுங்க?"

இரண்டாவது சரணம் முடிவதை அவர் தலையசைப்பை வைத்துத்தான் மூவரும் தெரிந்துகொள்வது வழக்கம்.

சொந்தமாக சவுண்ட் செட் வைத்துக்கொள்வது என்று அன்றே முடிவாயிற்று. ஒரு பொருளை வாங்க சதீஷ்குமாருக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். முதலில் விசாரணை மெயில். பிறகு சாம்பிள். சாம்பிளின் மேல் கமெண்ட்ஸ், அதாவது இதை மாற்று, அதைத் திருத்து என்கிற குறிப்புகள். அதன்பின் அப்ரூவல். பிறகு பல்க், மொத்தச் சரக்கு. கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். மூன்று சவுண்ட் கடைகளுக்கு மெயில் போனது. இரண்டிலிருந்து பதில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, "எந்த ஊருல தம்பி காதுகுத்து?" என்று கேட்டார். மணியன் மட்டும் சரி என்றார். மெயில் அவருக்குப் போகவே இல்லை. நேரில் போய்க் கேட்டதால் ஒத்துக்கொண்டார். சாம்பிள் என்றால் என்னவென்று விளக்கியபோது, "ஒண்ணு கொண்டாந்து காட்டோணும், அவ்வளவுதானுங்களே?" என்றார்.

கொண்டுவந்து காட்டியது அவர் ரேக்ளா பந்தயங்களுக்கு எடுத்துப் போகும் பெட்டி. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், மேலே குரலைத் தூரத்துக்கு எடுத்துப்போகும் ஹாரன், முன்னால் இரும்புச் சல்லடை. "எந்த வண்டி முந்துச்சுன்னு கடேசியில நிக்கறவனுக்குத் தெளிவாக் கேக்கோணுங்க. கேக்கலீன்னா கம்மங்காட்டுக்குள்ளயே அடிதடி ஆயிப்போயிரும்," என்று விளக்கினார்.

அளவெல்லாம் எடுத்து முடித்தபின் பெட்டியை நிறுத்திவைத்து மைக்கைக் கீர்த்தனாவிடம் கொடுத்தார்கள். பாட்டை மேடைக்குத்தான் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தார்.

"காலர் அகலம் கால் இன்ச் கூட. வலது கை தையல் விட்டிருக்கு. லேபிள் தலைகீழ். எண்ணெய்க் கறை, மூணு எடம்."

கூடத்தின் மறுகோடியில் அயர்னிங் பிரிவில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த பீகார்த் தொழிலாளர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தி, "ஆவாஜ் ஏக்தம் சாஃப் ஹை, மேடம்," என்று குரல் துல்லியமாகக் கேட்பதாகச் சொன்னார். மற்றவர் எண்ணெய்க் கறை தன்னுடையது இல்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கீர்த்தனா மைக்கைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது. "எனக்கு இதே போதுமுங்க. இதேமாதிரி ஆறு."

"கமெண்ட்ஸ்?" என்றார் சதீஷ்குமார், பேனாவைத் திறந்தபடி.

"கமெண்ட் இல்லீங்க."

"கமெண்ட் இல்லாம எப்படிங்க அப்ரூவல் குடுக்கறது? சப்ளையர் நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?"

"நல்லவங்கன்னு நெனப்பேனுங்க," என்றார் மணியன்.

ஆனால் சதீஷ்குமாரின் பதினோரு வருட அனுபவத்தில் வெறுமனே 'அப்ரூவ்டு' என்று எழுதி எந்தச் சாம்பிளும் திரும்பி வந்ததில்லை. வாடிக்கையாளர் எவ்வளவு திருப்தியடைந்தாலும் பட்டனையாவது அரை அங்குலம் நகர்த்தச் சொல்வார். 'கீழ்க்கண்ட கமெண்ட்ஸோடு அப்ரூவ்டு' என்பதுதான் முறை. எனவே ஒவ்வொருவரையும் கேட்டார். ஹாரன் கூர்மையாக இருப்பதாகவும் கிடாரோடு சேர்ந்தால் பல் கூசும் என்றும் நித்தீஷ் சொன்னார். தனுஷுக்கு அடிச்சத்தம் போதவில்லை. "நெஞ்சுல வந்து இடிக்கணும்ணே. இது என்ன, தோள்ல தட்டிக் கூப்புடுத மாதிரி இருக்கு." பெட்டியின் நான்கு மூலைகளின் வளைவும் ஒன்றுபோல் இல்லை என்பது சதீஷ்குமாரே கண்டுபிடித்தது. கைப்பிடி பதினொன்றாவது கமெண்ட். ஸ்குரூக்களின் எண்ணிக்கை போதாது என்பது பன்னிரண்டாவது.

பதிமூன்றாவதை எழுதும்போது வெள்ளியங்கிரி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் பெட்டியைச் சுற்றிவந்து, குனிந்து, சல்லடையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங், இந்த ஓட்டை வழியாப் பஞ்சு பூந்துருமேங்க?"

யாராலும் மறுக்க முடியவில்லை. திருப்பூரில் பஞ்சு எங்கும் புகும். சுவர்க் கடிகாரத்துக்குள் இருக்கிறது; மதியச் சாப்பாட்டில் இருக்கிறது.

"நம்மகிட்டத்தான் அந்தக் கேன்சல் ஆன ஆர்டரோட பிளீஸ் துணி கெடக்குதே, கம்பளியாட்டம். முந்நூத்தி இருவது கிராமு, நேவி புளூ. அதப் போட்டு மூடீருங்க. காத்துக்கூடப் பூராது. அதுமேல பேண்டு பேரைப் பெருசா ரப்பர் பிரிண்ட் அடிச்சுருவோம்."

"அய்யா," என்றார் கீர்த்தனா. "சத்தம் வெளிய வருமுங்களா?"

"சத்தமா?" வெள்ளியங்கிரி சிரித்தார். "பக்கத்தூட்டுல பேசறது செவுத்தத் தாண்டியே கேக்குது கண்ணு. துணி எம்மாத்திரம்?"

அது பதினான்காவது கமெண்ட். முதலாளி சொன்னது என்பதால் அடிக்கோடு இடப்பட்டது.

சாம்பிள் பெட்டியைப் பெரிய பாலித்தீன் பைக்குள் இறக்கி, வாயைக் கட்டி, அட்டை கோத்து, அரக்கு வைத்தார்கள். அட்டையில் நால்வரும் கையெழுத்திட்டார்கள். சீல் வைத்த சாம்பிளை, மொத்தச் சரக்கு ஒப்படைக்கப்படும்வரை யாரும் திறக்கக் கூடாது.

"தம்பி, அது என்ற பொட்டிங்க," என்றார் மணியன். "வர்ற ஞாயித்துக்கெழம பந்தயம் இருக்குதுங்க."

"இனி அது சாம்பிளுங்க. தொடக் கூடாது."

"அப்ப ரேக்ளாவுக்கு?"

"உங்களுக்குன்னு ஒரு கவுண்ட்டர் சாம்பிள் பண்ணி வெச்சுக்கோணுமுங்க. எல்லா சப்ளையரும் வெச்சிருப்பாங்க."

மணியன் கையில் பதினான்கு கமெண்ட்டுகள் அடங்கிய தாளும், தோளில் பிளீஸ் துணி ரோலுமாக பஸ் ஏறினார்.

பதினோரு நாள் கழித்து அவர் சதீஷ்குமாரைத் தொலைபேசியில் அழைத்தார். முதல் பெட்டி முடிந்திருந்தது. "தம்பி, துணி போட்டதுலருந்து வாயில துண்ட வெச்சு அமுக்கிட்டுப் பேசறாப்ல இருக்குதுங்க. எடுத்துப்போடட்டுங்களா?"

"எதுவா இருந்தாலும் மெயில்ல போட்டுருங்கண்ணா. வாய் வார்த்தையா எதையும் மாத்த முடியாது."

மணியனுக்கு மெயில் இல்லை. எனவே ஆட்சேபம் பதிவாகவில்லை. மீதி ஐந்து பெட்டிகளுக்கும் துணி போர்த்தினார்.

மார்ச் 10 மாலை நான்கு மணிக்கு ஆறு பெட்டிகளும் கல்யாண மண்டப மேடையில் வரிசையாக நின்றன. பார்க்க மிக நன்றாக இருந்தன. நேவி புளூ துணியில் வெள்ளை ரப்பர் எழுத்தில், சரியாக ஹாரனுக்கு நேர்மேலே, 'ஓவர்லாக்'. சதீஷ்குமார் இன்ஸ்பெக்‌ஷனைத் தொடங்கினார். ஆறில் இரண்டைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அளந்தார், டாலரன்ஸுக்குள் இருந்தது. ஆறு துணிகளின் நிறத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டார்; ஒரே நிறம். வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார், ஒட்டவில்லை. பிரிண்டை இழுத்துப் பார்த்தார், வெடிக்கவில்லை.

"பாஸ்," என்று கையெழுத்திட்டு, தாளைக் கீர்த்தனாவிடம் நீட்டினார்.

"ஆன் பண்ணிப் பாத்தீங்களாண்ணா?"

"அது செக் லிஸ்ட்ல இல்லியே."

ஆன் செய்தார்கள். கீர்த்தனா மைக்கில் "காலர் அகலம் கால் இன்ச் கூட" என்றார். காலர் இல்லை, அகலம் இல்லை, இன்ச் இல்லை. மண்டபத்துக்குள் ஏதோ ஒரு மாடு கனைத்து நகர்ந்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

நான்காவது வரிசையில் வேலாத்தாள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கீர்த்தனா மைக்கை இறக்கிவிட்டு, "அம்மா, கேக்குதா?" என்று கத்தினார்.

"கேக்குது கண்ணு. ஆரோ போர்வைக்குள்ள படுத்துட்டு அனத்தற மாதிரி இருக்குது. நீயா அது?"

கீர்த்தனா கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர்த் தாளை எடுத்து, முதல் பெட்டியில் ஹாரன் இருக்கும் இடத்தை நோக்கி ஒரு அம்பு ஒட்டினார். இரண்டாவதில் ஒட்டினார். ஆறிலும் ஒட்டினார்.

"சார், லாட் ஃபெயில்."

வேலை நேரத்தில் மட்டும்தான் அவர் சதீஷ்குமாரை 'சார்' என்பார். சதீஷ்குமாரும் உடனே 'மேடம்' ஆனார்.

"மேடம், ஷிப்மெண்ட் இன்னைக்கு. அஞ்சரைக்கு புரோக்ராம். இப்ப வந்து ஃபெயில்ங்கறீங்க."

"சாம்பிளோட வெச்சுப் பாக்கோணுங்க. சாம்பிளத் தொறங்க."

சாம்பிள் அங்கேதான் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் இடத்தில் சீல் வைத்த சாம்பிள் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே சதீஷ்குமார் அதைப் பாலித்தீன் பையோடு டெம்போவில் ஏற்றி வந்து மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்.

"பாக்கலாம். கண்ணால பாருங்க. சீல் உடைக்கக் கூடாது."

"சத்தத்த எப்படிங்க சார் கண்ணால பாக்கறது?"

"சீல உடைச்சுட்டா அது சாம்பிளே இல்லீங்க மேடம். அப்பறம் பல்க்க எதோட ஒப்பிடுவீங்க? நாளைக்கு ஒரு கிளெய்ம் வந்தா எதக் காட்டுவீங்க?"

"ஆரு சார் கிளெய்ம் போடுவாங்க? வாங்கறதும் நாம, கேக்கறதும் நாம."

"அண்ணே, மேடம் சொல்லுததும் நியாயந்தானே," என்றார் தனுஷ்.

"நீ கட்டிங். இதுல தலையிடாத."

முன்வரிசையில் இருந்த வெள்ளியங்கிரி எழுந்து மேடையருகே வந்தார். தன் துணியின்மேல் சிவப்பு அம்புகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். முகம் மாறியது.

"துணியில என்ன கொறை கண்டீங்க?"

சதீஷ்குமார் தரையைப் பார்த்தார். நித்தீஷ் கிடாரின் கம்பி ஒன்றைத் தேவையில்லாமல் முறுக்கினார். கீர்த்தனா ஒரு படி இறங்கினார்.

"அய்யா, துணியில ஒரு கொறையும் இல்லீங்க. காத்துக்கூடப் பூராதுன்னு சொன்னீங்க. நெசமாவே பூரலீங்க. சத்தமும் பூரலீங்க."

வெள்ளியங்கிரி யோசித்தார். "அப்ப துணி பாஸு?"

"துணி பாஸுங்க. பொட்டிதானுங்க ஃபெயில்."

"அதான பாத்தேன்," என்றார் அவர். மணியனைக் கொஞ்சம் கடுமையாகப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். மணியன் கமெண்ட்ஸ் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, பதினான்காவதைக் காட்ட ஆள் தேடினார். கிடைக்கவில்லை.

மணி ஐந்து. கூட்டம் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. கீர்த்தனா பிசிறு வெட்டும் சிறிய கட்டரை எடுத்தார். "சீல்ல என்ற கையெழுத்தும் இருக்குதுங்க சார்," என்று சொல்லி, பையின் வாயில் ஒரே வெட்டாக வெட்டினார். அரக்கு உடைந்து மேடையில் சிதறியது. சதீஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டார். பத்து வருடத்துக்கு முன் தன் முதல் கன்டெய்னர் திரும்பி வந்தபோதுகூட அவர் அப்படிக் கண்ணை மூடியதில்லை என்று பிறகு நித்தீஷிடம் சொன்னாராம்.

மணியன் ஒயரை மாட்டினார். கீர்த்தனா மைக்கில், "காலர் அகலம் கால் இன்ச் கூட," என்றார்.

மண்டபத்தில் இருந்த தையல்காரர்களில் பலர் தன்னிச்சையாகக் கையைத் தங்கள் காலருக்குக் கொண்டுபோனார்கள்.

"இப்பத்தான் கண்ணு நீ வந்திருக்கற!" என்று வேலாத்தாள் நான்காவது வரிசையிலிருந்து கூவினார்.

"சரி," என்றார் சதீஷ்குமார், கண்ணைத் திறந்து. "ஆறு பெட்டியும் ரீ-ஒர்க் பண்ணோணும். துணியப் பிரிங்க."

"பசை போட்டு ஒட்டி, சட்டம் வெச்சு இருவது ஸ்குரூ முடுக்கியிருக்குதுங்க," என்றார் மணியன். "ஸ்குரூ கூடப் போடோணும்னு பன்னண்டாவதா எழுதியிருந்தீங்க."

இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஸ்குரூடிரைவர் ஒன்று இருந்தது. எல்லோரும் சும்மா நின்றபோது மணியன்தான் மறுபடி பேசினார். "ஏனுங், இந்தப் புள்ளயோட மைக்க மட்டும் என்ற பொட்டியில குடுத்துரலாமுங்க. நீங்க மூணு பேரும் துணிப்பொட்டியில வாசிங்க."

"ஒரே ஷிப்மெண்ட்ல ரெண்டு மாதிரி சரக்கா?" சதீஷ்குமாருக்கு நிஜமாகவே வலித்தது. "எந்த பையர் ஒத்துக்குவாங்க?"

கீர்த்தனா இன்ஸ்பெக்‌ஷன் தாளை வாங்கி, பெட்டியின்மேல் வைத்து எழுதினார். துணி மூடிய ஆறும் வாத்தியங்களுக்கு மட்டும். குரலுக்குச் சாம்பிள் பெட்டி. இந்தக் கமெண்ட்ஸோடு அப்ரூவ்டு. கையெழுத்து, தேதி. எழுத்தில் இருந்ததால் சதீஷ்குமார் ஏற்றுக்கொண்டார்.

ஐந்தரைக்குத் தொடங்கினார்கள். துணிக்குள்ளிருந்து வந்த ட்ரம்ஸ், மெத்தையை யாரோ மொட்டைமாடியில் போட்டு அடிப்பதுபோலக் கேட்டது. நித்தீஷின் கிடார் எங்கோ தூரத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பித் திரும்பி ஒலியைக் கூட்டினார்; பயனில்லை. தனுஷின் பேஸ் மட்டும் அவர் ஆசைப்பட்டபடி நெஞ்சில் வந்து இடித்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, சல்லடை வழியாக, எந்த வண்டி முந்தியது என்று சொல்வதற்கென்றே செய்த ஹாரனிலிருந்து, கீர்த்தனாவின் குரல் கடைசி வரிசைவரை போனது.

*அப்ரூவல் வந்தாச்சு, அப்ரூவல் வந்தாச்சு,*
*சொன்னவரு மெயிலு மட்டும் இன்னும் வந்து சேரல!*

அடுத்த நொடி எண்பது பேர் எழுந்து நின்றார்கள். எல்லோரும் மூன்றாவது தளத் தையல் பிரிவு.

*வெட்டச் சொன்னாரு, தைக்கச் சொன்னாரு,*
*ஆயிரத்தெட்டுப் பீஸு அடுக்கச் சொன்னாரு,*
*கலரு மாறிப்போச்சு, மொத்தமாப் பிரிச்சாச்சு,*
*ட்ரம்ம அடிக்கறாரு, ஒண்ணுந் தெரியாத மாதிரி!*

இதுதான் இரண்டாவது சரணம். இந்த இடத்தில் சதீஷ்குமார் ஒரு வருடமாகத் தனக்கென்று ஒரு நீண்ட உருட்டல் வைத்திருந்தார்; பாட்டிலேயே அவருக்கு மிகவும் பிடித்த இடம். கை பழக்கத்தில் அதை வாசித்தது. தொள்ளாயிரம் பேரும் அவரைப் பார்த்தார்கள். கைத்தட்டலும் சீழ்க்கையும் அடங்கவே இல்லை. "மெயில் வர்றதுக்கு முன்னாலயே வெட்டச் சொன்ன அந்த ஆர்டரப் பிரிச்சுத் தைச்சது நாங்கதானுங்க!" என்று ஒரு பெண் நாற்காலிமேல் ஏறிச் சொன்னார். பீகார்த் தொழிலாளர்களுக்கு வரி புரியவில்லை. யாரைப் பற்றியது என்பது புரிந்தது. அவர்களும் எழுந்தார்கள். கூட்டம் கேட்டதால் சரணத்தை மூன்று முறை பாட வேண்டியதாயிற்று. மூன்று முறையும் உருட்டல் வந்தது.

பாட்டு முடிந்ததும் தனுஷ் கீர்த்தனாவின் பக்கம் சாய்ந்து, "இதுதான் வரியா மேடம்? நான் காதல் தோல்விப் பாட்டுன்னுல்ல இத்தன நாளா உருகி வாசிச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

மேடைக்குப் பின்னால் சதீஷ்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அது நானுங்களா?"

"பேரு எதும் போடலீங்களே சார்."

"ட்ரம்முன்னு போட்டிருக்கீங்களே."

"அது கடேசியாச் சேத்த கமெண்ட்டுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் வெள்ளியங்கிரி அங்கே வந்துவிட்டார். இருவரும் விறைத்து நின்றார்கள். தனுஷ் கிடாரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். முதலாளி கீர்த்தனாவை நேராகப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, ஆயிரத்தெட்டுன்னு பாடுன?"

"ஆமாங்கய்யா."

"தப்பு. ஆயிரத்தி நானூத்தி இருவது. நானே நின்னு எண்ணுனேன்." சதீஷ்குமாரின் தோளில் ஒரு தட்டு தட்டினார். "அடுத்த தடவ சரியாப் பாடச் சொல்லுங்க," என்றுவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்.

வேலாத்தாள் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் கேட்டது என்றார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்படி எல்லார்த்துக்கும் கேக்கும்னு தெரிஞ்சுமா கண்ணு அதையெல்லாம் எழுதுன?" என்று கேட்டார்.

ஓவர்லாக் அதன்பின் ஐந்து இடங்களில் வாசித்திருக்கிறது. அதில் ஒன்று சோமனூரில். கீர்த்தனா பேண்டில் தொடர்கிறார். மற்ற மூவரும் துணி மூடிய பெட்டிகளில்தான் வாசிக்கிறார்கள். துணியை எடுத்துவிடலாம் என்று ஏப்ரல் கூட்டத்தில் நித்தீஷ் கொண்டுவந்த யோசனையைக் கீர்த்தனா நிராகரித்தார். பீஸ்களின் எண்ணிக்கை பாட்டில் திருத்தப்பட்டுவிட்டது.